மணிக்கு 83 பெட்டி என்ற இலக்கு எப்படி வந்தது?

துவாஸ் லைன் லீடர்:
சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கின் பொதிகட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மேசையில் ஒருவர் மணிக்கு 68 பெட்டி கட்ட வேண்டும் என்பதே நெடுநாளாக இருந்த இலக்கு. சென்ற மாதம் நிர்வாகம் அழைத்து வந்த ஆலோசகர் நிறுத்தக்கடிகாரத்துடன் நின்று அளந்துவிட்டு, அதை 83 ஆக உயர்த்தியிருக்கிறார். பழைய அளவீட்டுத் தாளையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வேலைமுறையும் மேசையும் மாறவில்லை. அடிக்கடி சிக்கிக்கொள்ளும் அந்த டேப் கருவிகூட அதேதான். கவனித்த சராசரி நேரம் இரண்டு தாளிலும் பெட்டிக்கு 42 வினாடி. களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் சேர்த்த நேரம் இரண்டிலும் 15 விழுக்காடு. ‘வேக மதிப்பீடு’ என்ற கட்டம் மட்டும் பழைய தாளில் 110 என்றும் புதிய தாளில் 90 என்றும் இருக்கிறது.

முதலாமவர், தாம் பார்த்த ஊழியர் சராசரியைவிட வேகமானவர் என்று கருதி 42 வினாடியை 46.2 ஆக்கினார், அதனுடன் 15 விழுக்காட்டைக் கூட்டினால் 53.1 வினாடி, அதாவது மணிக்கு 68 பெட்டி. இரண்டாமவர் அதே 42 வினாடியை மந்தமான வேகம் என்று கருதி 37.8 ஆக்கினார், கூட்டினால் 43.5 வினாடி, மணிக்கு 83 பெட்டி. கடிகாரத்தின் பங்கு அந்த 42 வினாடியோடு முடிந்துவிட்டது. மீதமுள்ள 15 பெட்டி வித்தியாசம் ஒருவருடைய கண்ணின் கணிப்பு. இதை ‘அறிவியல் முறைப்படி நிர்ணயிக்கப்பட்டது’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். இந்த மதிப்பீட்டை நம்பி எந்த ஊழியருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

நேரக்கணக்கர்:
மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை அளவீடே என் தொழில் என்பதால், இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. வேக மதிப்பீடு ஊழியரைக் காப்பதற்காக வந்த ஏற்பாடு. அது இல்லையென்றால், பிரிவிலேயே மிக வேகமானவரை நிறுத்தி அளந்து, அந்த நேரத்தையே எல்லோர் தலையிலும் கட்டிவிடலாம்.

இனி உங்கள் இரண்டு தாள்களுக்கு வருகிறேன். ‘100’ என்ற எண்ணுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. அமெரிக்க வழக்கில், சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நடப்பவரின் வேகமே 100. பிரிட்டிஷ் அளவுகோலிலும், அதைப் பின்பற்றும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் அட்டவணையிலும், மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடையே 100, 4.8 கிலோமீட்டர் நடைக்கு அங்கே 75 தான். முதல் அளவுகோலின் 110 இரண்டாவதில் ஏறத்தாழ 83 ஆகிறது. உங்கள் பழைய தாள் அமெரிக்க வழக்கிலும் புதிய தாள் பிரிட்டிஷ் வழக்கிலும் எழுதப்பட்டிருந்தால், இரண்டாமவர் அந்த ஊழியரை மந்தமானவர் என்று சொல்லவில்லை; முதலாமவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே மதித்திருக்கிறார்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் 100 என்பது, சரியான முறையைக் கற்று, ஊக்கத்துடன் வேலை செய்யும் தகுதியுள்ள ஊழியரின் வேகம். கூடுதல் உற்பத்திக்குக் கூடுதல் பணம் தரும் இடங்களை மனத்தில் வைத்தே அது பழக்கத்தில் வந்தது. உங்கள் நிறுவனம் ஊக்கத்தொகை தருகிறதா?

உட்லண்ட்ஸ் பட்டறை:
சிறிய உலோகப் பட்டறை நடத்துகிறேன். ஒரு தாங்கியை வளைத்துத் துளையிட்டுப் பற்றவைக்க எத்தனை நிமிடம் என்று தெரியாமல் நான் விலைப்புள்ளி எழுத முடியாது. குறைத்து எழுதினால் ஓவர்டைம் சம்பளத்தில் கையைச் சுட்டுக்கொள்வேன், கூட்டி எழுதினால் வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடும். 1982இல் அரசாங்கம் டீமி தேனீயைச் சின்னமாக வைத்து உற்பத்தித்திறனைப் பற்றிப் பாடம் நடத்திய காலத்தில், தேனீக்கு ஓவர்டைம் உண்டா என்று பட்டறைகளில் கேலி பேசுவார்கள். கேலி ஒருபுறம் இருக்கட்டும். அளவீடே வேண்டாம் என்பவர்கள், கூலிக் கணக்கை எதை வைத்துப் போடுவது என்றும் சொல்ல வேண்டும்.

துவாஸ் லைன் லீடர்:
பட்டறை ஐயா, விலைப்புள்ளிக்காக நீங்கள் நேரம் கணிப்பதை நான் எதிர்க்கவில்லை. உங்கள் கணக்குத் தவறினால் நட்டம் உங்களுடையது. எங்கள் மேசையில் கணக்குத் தவறினால் நட்டம் ஊழியருடையது.

நேரக்கணக்கர் கேட்டதற்குப் பதில்: ஊக்கத்தொகை ஒரு வெள்ளிகூட இல்லை, மாதச் சம்பளம் மட்டுமே. எந்த அளவுகோல் என்பது இரண்டு தாளிலும் எழுதப்படவில்லை. நீங்கள் சொல்லும் விளக்கம் சரியாகவே இருக்கலாம். அப்படியானால், ஊக்கத்தொகை பெறுபவரின் நடையை மாதச் சம்பளக்காரர் நடக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. அதைத்தான் நானும் தவறு என்கிறேன்.

இது புதிதாக வந்த வழக்கமும் அல்ல. நிறுத்தக்கடிகார ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் ஃபிரடெரிக் டெய்லர், பெத்லஹேம் எஃகு ஆலையில் வார்ப்பிரும்புக் கட்டி சுமந்தவரின் நாள் வேலையை 12.5 டன்னிலிருந்து 47 டன்னாக உயர்த்தியதைப் பெருமையாக எழுதினார். கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக, ஏறத்தாழ 60 விழுக்காடுதான் உயர்ந்தது. 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதக் கிடங்கில் வார்ப்புத் தொழிலாளர்கள் இந்தக் கடிகாரத்தை எதிர்த்தே வேலையை விட்டு வெளியேறினார்கள். அதன்பின் 1915 முதல் 1949 வரை, அரசு ஒதுக்கீட்டுப் பணத்தில் கடிகார ஆய்வு நடத்தக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிவைத்தது.

நேரக்கணக்கர்:
அந்தத் தடை நடப்பில் இருந்த காலத்திலேயே தனியார் ஆலைகளில் அளவீடு பெருகியது என்பதும் வரலாறுதான். மதிப்பீடே உங்களுக்கு உறுத்தலாக இருந்தால், அது தேவைப்படாத முறையும் இருக்கிறது. 1948இல் வெளிவந்த எம்டிஎம் முறையில், கை நீட்டுதல், பற்றுதல், நகர்த்துதல், பொருத்துதல், விடுதல் என்று ஒவ்வோர் அசைவுக்கும் அட்டவணையில் நேரம் உண்டு. அதன் அலகு ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.036 வினாடி. பொதிகட்டும் வேலையை அசைவு அசைவாகப் பிரித்து எழுதிவிட்டால், யார் வேகம், யார் மந்தம் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. ஊழியரின் பக்கத்தில் யாரும் கடிகாரத்துடன் நிற்கவும் வேண்டாம்.

தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்:
பேச்சுக்கு இடம் இல்லாமல் போகவில்லை, ஐயா. அட்டவணைக்குள் போய் அமர்ந்துகொண்டது. எம்டிஎம் நேரங்கள் துளையிடும் இயந்திர வேலைகளைப் படம் பிடித்து, படத்தில் இருந்தவர்களின் வேகத்தையும் மதிப்பிட்டுச் சரிசெய்த பிறகே எழுதப்பட்டவை. ஆக, 1940களில் அமெரிக்காவில் போட்ட மதிப்பெண்ணைத்தான் இன்று துவாஸில் நாம் கைக்கொள்கிறோம். அதனால் அது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மனிதத் தீர்ப்பு கலக்காத எண் என்று யாரும் அதைக் காட்ட வேண்டாம் என்றே சொல்கிறேன். டேப் கருவி சிக்குவதும், பெட்டியின் மடிப்பு கிழிவதும் அந்த அட்டவணையில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கவலைக்குரியது 15 விழுக்காடு என்ற அந்த ஒற்றை எண். வழக்கமான கணக்கில் சொந்தத் தேவைக்கு 5, அடிப்படைக் களைப்புக்கு 4 என்று ஆண்களுக்கு 9 விழுக்காடும், பெண்களுக்குச் சொந்தத் தேவை 7 என்பதால் 11 விழுக்காடும் அடித்தளமாக இருக்கும். நின்றுகொண்டே செய்வது, குனிவது, பளு தூக்குவது, வெப்பம், இரைச்சல் ஆகியவற்றுக்கு அதன்மேல் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். குளிரூட்டப்பட்ட மேசையில் மருந்துப் பொட்டலம் கட்டுபவருக்கும், சுமை இறக்கும் வாயிலருகே தரைத்துடைப்பான் பெட்டிகளைத் தூக்குபவருக்கும் ஒரே 15 எப்படிப் பொருந்தும்? மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வெளிப்புற ஊழியர்களுக்காக வெளியிட்ட வெப்ப விதிமுறையில், வெயில், ஈரப்பதம், காற்று ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்புச் செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று இருக்கிறது. கூரையின் கீழ் இருக்கும் கிடங்கு அதில் வராது. ஆனால் 60 நிமிடத்தில் 10 நிமிடம் ஓய்வு என்றால் வேலை செய்யும் 50 நிமிடத்தின்மேல் 20 விழுக்காடு கூட்டியதாகும். வெப்பத்துக்கு மட்டுமே அவ்வளவு என்னும்போது, எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 என்று எழுதியவர் அந்த வாயிலருகே ஒரு மதியம் நின்றிருப்பாரா என்று சந்தேகப்படுகிறேன்.

வேலை நியமனச் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம், மாதத்துக்கு 72 மணி நேர ஓவர்டைம் என்றெல்லாம் வரம்பு வைக்கிறது. ஒரு மணிக்குள் எத்தனை பெட்டி என்பதில் அது தலையிடுவதில்லை. எனவே அந்த எண்ணை மேசையில் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

நேரக்கணக்கர்:
களைப்புச் சேர்ப்பை வேலைக்கு வேலை தனித்தனியாகக் கணிக்க வேண்டும் என்பதில் செயலாளர் சகோதரியுடன் எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஒரே எண்ணை எல்லா மேசைக்கும் எழுதுவது சோம்பல். ஆனால் கடிகாரத்தை வெளியே அனுப்பிவிட்டால் உள்ளே வரப்போவது எது என்பதையும் பாருங்கள். பல கிடங்குகளில் இப்போது ஸ்கேனர் பதிவுகளை எடுத்து, சென்ற மாதம் மிக வேகமாக வேலை செய்த கால்பங்கு ஊழியர்களின் சராசரியையே அடுத்த மாத இலக்காக வைக்கிறார்கள். அதில் வேலைமுறை எழுதப்படுவதில்லை, மதிப்பீடும் இல்லை, களைப்புக்கு ஒரு வினாடியும் இல்லை. ஒவ்வொரு மாதமும் இலக்கு தானாகவே ஏறும். அதோடு ஒப்பிட்டால், எதிர்த்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு தாளையாவது நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள்.

தீர்வு இதுதான்: அதே வேலையைக் காணொளியில் பதிவு செய்து, நிர்வாகம் சார்பில் இருவரும் கிளை சார்பில் பயிற்சி பெற்ற இருவரும் தனித்தனியே மதிப்பிடட்டும். அளவுகோலைத் தாளின் தலைப்பிலேயே எழுதட்டும். நால்வரின் எண்களும் ஐந்து புள்ளிக்குள் வராவிட்டால் மறுபடி அளக்கட்டும்.

உட்லண்ட்ஸ் பட்டறை:
பன்னிரண்டு பேர் வேலை செய்யும் என் பட்டறையில் நான்கு மதிப்பீட்டாளர்களுக்கு எங்கே போவது? பெரிய நிறுவனங்களுக்குச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

துவாஸ் லைன் லீடர்:
நேரக்கணக்கர் சொன்ன நால்வர் முறையைக் கிளையின் மூலம் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்கப்போகிறோம். அளவுகோல் எது என்பதையும், 15 விழுக்காட்டின் உட்பிரிவையும் அதே கடிதத்தில் கேட்கிறோம். ஒன்றில் மட்டும் நான் இறங்கிவரவில்லை. நால்வரும் ஒத்துப்போனாலும் கிடைப்பது ஆள் திட்டமிடவும் விலை போடவும் உதவும் எண்தான். ஐந்து புள்ளி வேறுபாடு வரலாம் என்று நீங்களே அனுமதிக்கிறீர்கள். அந்த ஐந்து புள்ளிக்கு எங்கள் மேசையில் மணிக்கு நான்கைந்து பெட்டி. மணிக்கு 79 பெட்டி கட்டிய ஒருவருக்கு எந்தத் துணிவில் எச்சரிக்கைக் கடிதம் எழுதுவீர்கள்?

நேரக்கணக்கர்:
79க்கு எழுத மாட்டேன். தொடர்ந்து 50 என்றால், முதலில் டேப் கருவியை மாற்றிக் கொடுத்துவிட்டு, அதன்பிறகும் 50 தான் என்றால் எழுதுவேன்.