பிரித்துப் போட்ட ஜீப்

பழைய வண்டியைப் பிரித்து மாற்றிக் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். என்னுடையது மஹிந்திரா எம்எம் 540 ஜீப், 1992 மாடல். 2014-ல் வாங்கினேன், 2022-ல் கொடுத்துவிட்டேன். அந்த எட்டு வருடத்தில் அது ஓடியது பதினான்கு மாதம்தான்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டி. விலை 1,40,000 ரூபாய். பெஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி. பனிக்காலத்துக் காலையில் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் நிற்காது. தரை முழுக்கக் காபிக்கொட்டைத் தோல் ஒட்டியிருந்தது. என் மனைவி அதைக் கழுவவே விடவில்லை, அந்த வாசனை அவளுக்குப் பிடித்துவிட்டது.

முதல் வருடம் நிறையச் சுற்றினோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு மூன்று முறை போனோம். அது தார் ரோடு, ஜீப்புக்கு அங்கே பெரிய வேலை இல்லை. வேலை இருந்தது மேலே போன பிறகு, ஊர்களுக்குள் பிரியும் மண் பாதைகளில். ஒரு மழை நாளில் ஃபோர் வீல் லோ, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியர் போட்டு, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலேயே வண்டி சேற்றில் தானாக ஊர்ந்து ஏறியது. என் பையனுக்கு அப்போது ஆறு வயது. மடியில் உட்கார்ந்து மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இந்த வண்டியை இன்னும் பெரிதாகக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் செய்த தவறு அங்கேதான் தொடங்கியது.

எனக்கு வேண்டியது 31 அங்குல டயர், வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தும் பட்டை (ஸ்பிரிங்) செட், பவர் ஸ்டியரிங், முன்னால் டிஸ்க் பிரேக். பேப்பரில் நான்கே வரி. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இந்த இடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கம்பெனி கொடுத்த 6.00-16 டயரை எடுத்துவிட்டுப் பெரிய டயர் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகும், அதனால் எஞ்சினுக்கு இழுவை குறையும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். இழுவையைத் திரும்பக் கொண்டுவர முன்னும் பின்னும் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். பட்டையை உயர்த்தினால், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடிவிடும், அதன் முனையில் இருக்கும் ஜாயின்ட் கிராஸ் சீக்கிரம் தேயும், வேகம் எடுத்தால் அதிரும். பிரேக் ஹோஸ் (குழாய்) எட்டாது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் டிராக் லிங்க்கும் பழைய கோணத்தில் இருக்காது, குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையிலேயே ஆடும். ஒன்றைத் தொட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். நான்கு வரி கடைசியில் நாற்பது வரி ஆனது.

இது சரிவராது என்று எனக்கு முதலில் சொன்னவர் சூரியநெல்லியில் ஒரு ஜீப் டிரைவர். 2014 டிசம்பரில் கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போயிருந்தோம். 7,000 அடிக்கும் மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். பாதை என்று சொன்னாலும் அது உருண்டைக் கற்களும் பாறைப் படிகளும்தான். என் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு அவர் ஜீப்பில் ஏறினோம். வழி நெடுக என் திட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டயர் பெருசானா ஸ்டியரிங் முழுசா ஒடியாது சார். இந்த வளைவுல நாங்க ஒரே தடவையில திருப்புறோம், நீங்க ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கணும்" என்றார். அவருடைய வண்டியில் புதிதாக எதுவுமே இல்லை. கம்பெனி உயரம், சாதாரண டயர். தினமும் விடியற்காலை அதே பாறைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். கேட்டும் மனம் மாறவில்லை.

சேலத்தில் என் மெக்கானிக் அண்ணனும் அதையே வேறு மாதிரி சொன்னார். "ஓடுற வண்டியப் பிரிக்காத தம்பி. ஒண்ணு மாத்து, ஓட்டு. அப்புறம் அடுத்தது மாத்து." எனக்கு எல்லாம் ஒரே தடவையில் முடிய வேண்டும். 2015 மார்ச்சில் பாடியைக் கழற்றி, அடிச்சட்டமான சேஸிஸைத் தனியாக வைத்தோம்.

ரப்பர் விரிப்பைத் தூக்கியதும் அடியில் தகரமே இல்லை. காபித் தோலில் நின்ற ஈரம் வருடக் கணக்கில் தின்றிருந்தது. முன்பட்டை பிராக்கெட் பக்கத்தில் சேஸிஸில் ஒரு விரிசல், அதன் மேல் யாரோ எப்போதோ வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பாடி டிங்கரிங் பட்டறைக்குப் போனது. ஆக்சில் ஹவுசிங் லேத் பட்டறைக்குப் போனது. எஞ்சினும் கியர் பாக்ஸும் அண்ணனிடம் இருந்தன. போல்ட்டு நட்டெல்லாம் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இரண்டு அரிசிச் சாக்கில். எது எங்கே கழற்றியது என்று எழுதி வைக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. பிரிப்பவர்கள் தயவுசெய்து சின்னச் சின்னக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சாக்கை அவிழ்த்துப் பார்த்த சாயங்காலம் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

பணம் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதைவிடக் கஷ்டப்படுத்தியது காகிதம். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். என்னுடையதற்கு 2017-ல் தேதி வந்தது. வண்டியை ஓட்டிப் போய்க் காட்ட வேண்டும், என்னிடமோ வண்டி மூன்று இடத்தில் கிடந்தது. தேதி போய்விட்டது. அதே வருடக் கடைசியில், வண்டிக்கு முன்னால் போடும் கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. கனமான பைப்பில் நான் செய்து வைத்திருந்த பம்பர் வாசலிலேயே நின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் மனதுக்குள் இது முடிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் வாயால் சொல்ல இன்னும் மூன்று வருடம் ஆனது.

கொரோனா சமயத்தில் அண்ணன் பட்டறையை மூடிவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போனார். போவதற்கு முன் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தார்ப்பாயில் சுற்றித் தானே ஒரு டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். எண்ணெய் ஊற்றி, துளைகளையெல்லாம் துணியால் அடைத்திருந்தார். "தண்ணி போகாம பாத்துக்க" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. காசு கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்.

2022 ஏப்ரலில் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 தனி. மனைவியிடம் அன்றிரவு சொன்னேன். "சரி, யாராவது ஓட்டுறவங்களுக்குக் குடுங்க" என்றாள்.

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு தம்பி வந்தான், எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்கு வேண்டியது கியர் பாக்ஸும், அதோடு சேர்ந்து ஃபோர் வீலையும் லோவையும் மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸும். தார்ப்பாயை அவிழ்த்தான். துணியைப் பிடுங்கிவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக் காது வைத்துக் கேட்டான். லோவில் போட்டு மறுபடி சுற்றினான். "நல்லா இருக்கு அண்ணே. யாரு அடைச்சு வச்சது?" என்றான். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். எஞ்சினையும் சேர்த்து அவனுக்கே கொடுத்தேன், அவன் சொன்ன விலைக்கு.

மீதி தகரம் எடைக்குப் போனது. பதிவை ரத்து செய்வதற்காகச் சேஸிஸ் நம்பர் இருந்த துண்டை மட்டும் கேஸ் கட்டரில் வெட்டி எடுத்தார்கள். பையன் பக்கத்தில் நின்றான், பதினாலு வயது. "இதுல நான் உக்காந்திருந்தேன்ல?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் போடித் தம்பி போன் செய்தான். கியர் பாக்ஸ் ஏறிவிட்டது, லோ நன்றாக விழுகிறது, ஏலக்காய் மூட்டையோடு ஏறுகிறது என்றான். போனை ஜீப்புக்குள் வைத்துச் சத்தம் கேட்க வைத்தான். பையனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.