எருமை நாக்கும் நாற்பது பவுண்டும்

குழு: நாகை வீட்டார், அமெரிக்கக் கிளை
ஜனவரி 2025, வியாழக்கிழமை

மீனா (காலை 7.08): நேற்று மீன் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஃப்ளூக் பவுண்டுக்கு மூன்று டாலர் ஏறியிருக்கிறது. ஏன் என்று கேட்டால், "அரசாங்கம் கோட்டாவைக் குறைத்துவிட்டது, நான் என்ன செய்வேன்" என்கிறார் கடைக்காரர். லாங் ஐலண்டில் வீடு, வாசலில் கடல், மீனுக்குத் தவிப்பு.

கமலா அத்தை (7.11): ஃப்ளூக் எது? ஒரு பக்கம் மண் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமாகத் தட்டையாக இருக்குமே, அதுவா?

மீனா (7.11): அதேதான் அத்தை.

பெரியப்பா (7.15): நம் ஊர் எருமை நாக்கு மீன் என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

கார்த்தி (7.18): அப்பா, அது வேறு, இது வேறு. இரண்டும் தூரத்து உறவு. ஃப்ளூக்குக்குக் கண் இரண்டும் இடப்பக்கம்தான். குஞ்சில் மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். வளர வளர வலக்கண் நகர்ந்து இடப்பக்கம் வந்து சேர்ந்துவிடும். பிறகு ஆயுள் முழுக்க மணலில் ஒருக்களித்துப் படுக்கைதான்.

பெரியப்பா (7.20): எனக்கே பாடமா? எருமை நாக்கில் வலப்பக்கம் கண் உள்ளதும் வரும், இடப்பக்கம் உள்ளதும் வரும். முப்பது வருடம் இழுவலையின் மடியை அவிழ்த்துக் கொட்டியவன் நான். அதை விடு. எதற்காகக் குறைத்தார்கள்? நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப் போடுவதைப் போலவா?

சேகர் (7.31): காலை வணக்கம் பெரியப்பா. நான்கு மணியிலிருந்து இறங்குதளத்தில் நிற்கிறேன். கை விறைத்துவிட்டது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே கட்டுப்பாடு முக்கியமாகத் தராசில்தான். இந்த வருடம் மொத்தம் இத்தனை பவுண்டு என்று மத்திய அரசு வரம்பு வைக்கிறது. அதை மெய்ன் முதல் வட கரோலினா வரை மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். பங்கு தீர்ந்த மாநிலம் கடையை மூட வேண்டும். மீறினால் அடுத்த வருடப் பங்கில் கழித்துக்கொள்வார்கள்.

பெரியப்பா (7.33): பங்கு எந்தக் கணக்கில்? கடற்கரையின் நீளத்தை வைத்தா?

கார்த்தி (7.37): இல்லை அப்பா. 1980 முதல் 1989 வரை எந்த மாநிலத்துக் கரையில் எவ்வளவு இறங்கியதோ, அந்த விகிதம். 1993இல் எழுதி வைத்தார்கள். வட கரோலினாவுக்கு 27.4 சதவீதம், வர்ஜீனியாவுக்கு 21.3, நியூ ஜெர்சிக்கு 16.7, ரோட் ஐலண்டுக்கு 15.7, அக்காவின் நியூயார்க்குக்கு 7.6. நியூ ஹாம்ப்ஷயருக்கு 0.00046.

கமலா அத்தை (7.38): அது என்ன, என் தைராய்டு மாத்திரையின் அளவைப் போல இருக்கிறது?

சேகர் (7.40): இந்த வருடக் கணக்கில் அது 40 பவுண்டு அத்தை. முழு மாநிலத்துக்கும், முழு வருடத்துக்கும்.

கமலா அத்தை (7.41): உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் குழம்புக்கே அதைவிட அதிகம் வாங்கினோமே!

பெரியப்பா (7.43): கணக்குப்பிள்ளை கெட்டிக்காரன். பூஜ்யம் என்று எழுதினால் சண்டைக்கு வருவார்கள். நாற்பது என்று எழுதினால் சண்டைக்கு வர வெட்கப்படுவார்கள்.

மீனா (7.46): எங்களுக்கு வெட்கம் எல்லாம் இல்லை பெரியப்பா. நியூயார்க் 2019இல் நீதிமன்றத்துக்கே போனது.

பெரியப்பா (7.46): போய்?

மீனா (7.47): தோற்றது.

சேகர் (7.55): அக்காவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2021இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மொத்தக் கோட்டா 95.5 லட்சம் பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியை மட்டும் எட்டு மாநிலங்களுக்குச் சமமாகப் பிரிப்பது, ஆளுக்கு 12.375 சதவீதம். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் மூன்றுக்கும் சேர்த்து மிச்சம் ஒரு சதவீதம். 2023இல் மொத்தம் 1 கோடியே 52.7 லட்சம் பவுண்டு. அதனால் நியூயார்க்கின் பங்கு 14 லட்சத்தைத் தாண்டியது. 2024க்கும் 2025க்கும் மொத்தத்தை 87.9 லட்சமாகக் குறைத்துவிட்டார்கள். இது 95.5க்குக் கீழே. சமப் பங்கு என்ற பேச்சே இல்லை, பழைய 7.6தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மீனா (7.58): 6.7 லட்சம். பாதிக்கும் கீழே.

சேகர் (7.59): மொத்தம் குறைந்தது நூற்றுக்கு 42. உங்கள் மாநிலத்துக்குக் குறைந்தது 50க்கும் மேல். உங்கள் கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

மீனா (8.00): பொய் சொல்லியிருந்தால்கூடத் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

பெரியப்பா (8.04): மீன் அந்த அளவுக்கு அழிந்துவிட்டதா?

கார்த்தி (8.09): அழியவில்லை அப்பா. 2011இல் இந்த மீன் வளம் மீண்டுவிட்டது என்றே அறிவித்தார்கள். ஆனால் அதன் பிறகு பல வருடங்கள் குஞ்சு வரவு சராசரிக்கும் கீழே. ஏன் என்று விஞ்ஞானிகளுக்கே பிடிபடவில்லை. 2023இல் கணக்கெடுத்தபோது முட்டையிடும் மீன்களின் எடை இலக்கில் 83 சதவீதம் இருந்தது. பிடிப்பு வரம்பைக் கொஞ்சம் மீறியிருந்தது. அதற்குத்தான் இந்த வெட்டு.

கமலா அத்தை (8.10): சேகர், இந்தக் குளிரில் காலை நான்கு மணிக்கு அங்கே என்ன வேலை? கணக்கு எழுதுகிறவனுக்கு அலுவலக அறை கிடையாதா?

சேகர் (8.16): இன்று ஒரு வேடிக்கை அத்தை. வட கரோலினாவில் வான்சீஸ் ஊர்ப் படகு ஒன்று விடியற்காலையில் வர்ஜீனியாவில் நான் இருக்கும் ஹாம்ப்டனுக்கு வந்து கட்டியிருக்கிறது. நியூ ஜெர்சிக்குத் தெற்கே ஆழத்தில் வலை இழுத்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் ஹைட்ராலிக் குழாய் வெடித்துவிட்டது. காற்றும் வலுத்துவிட்டது. அவர்கள் ஊருக்குள் நுழையும் கடல்வாயான ஓரிகன் இன்லெட்டில் மணல் மேடு, பாரம் ஏற்றிய படகு இந்தக் காற்றில் நுழைந்தால் தட்டிவிடும். அதனால் எங்களிடம் ஒதுங்கியிருக்கிறது. உள்ளே பனிக்கட்டிக்கடியில் சுமார் 11,240 பவுண்டு ஃப்ளூக். ஒரு பெட்டியைக்கூட இறக்க முடியாது.

பெரியப்பா (8.17): ஏன்?

சேகர் (8.19): உரிமம் வட கரோலினாவினுடையது. இங்கே இறக்கினால் வர்ஜீனியாவின் பங்கில் எழுதிவிடுவார்கள். இரண்டு மாநிலங்களும் பேசி, இங்கே இறக்கலாம், இறக்கிய எடையைப் பிறகு அங்கிருந்து இங்கே மாற்றித் தருகிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்துக்கு மத்திய மீன்வளத்துறை பின்னால் ஒப்புதல் தந்து அரசிதழில் வெளியிடும். காற்றுக்கோ பழுதுக்கோ ஒதுங்கும் படகுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. நான் தொலைபேசியும் கையுமாக நிற்கிறேன், படகுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பெரியப்பா (8.22): இருங்கள். மீன் பிடிபட்டது நியூ ஜெர்சிப் பக்கம். படகு வட கரோலினா. ஒதுங்கியது வர்ஜீனியா. மீனுக்குத் தெரியுமா தான் எந்த மாநிலம் என்று?

கார்த்தி (8.27): மீன் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது, பங்கு தெற்கே தங்கிவிட்டது. அதுதான் அப்பா சிக்கல். கோடையில் விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் கிடக்கும். குளிர் வந்தால் கண்டத்திட்டின் விளிம்புக்கு இறங்கிவிடும், போகும் வழியில்தான் முட்டையிடும். பெரிய இழுவைப் படகுகள் அங்கே போய்த்தான் பிடிக்கின்றன. வட கரோலினாப் படகு வடக்கே டீசலை எரித்துப் போய், மீனோடு திரும்பி, சொந்த ஊர்த் தராசில் வைக்கிறது.

மீனா (8.29): எங்கள் வாசலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நான் சொன்னால் மட்டும் பொறாமை என்பீர்கள்.

பெரியப்பா (8.38): மீனா, இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். எண்பதுகளில் அந்த ஊர்க்காரன் கடன் வாங்கிப் படகு கட்டியிருப்பான். ஐஸ் ஆலை, ஏலக்கூடம் எல்லாம் அங்கே அந்த மீனை நம்பி வந்திருக்கும். இன்று மீன் நகர்ந்துவிட்டது என்பதற்காக அவன் பங்கை எடுத்து இன்னொருவனுக்குக் கொடு என்றால் அவன் எங்கே போவான்? நானாக இருந்தால் நானும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் உன் ஊர்க்காரன் கேட்பதும் தப்பில்லை. நான் நீதிபதியாக இருந்தால் வாய்தா போட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

கமலா அத்தை (8.39): அண்ணா, நீங்கள் வீட்டுப் பாகப் பிரிவினையிலும் அதைத்தான் செய்தீர்கள்.

கார்த்தி (8.39): 😂

பெரியப்பா (8.40): கமலா, இது குடும்பக் குழு.

மீனா (8.45): சரி பெரியப்பா, இதற்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சில மாதங்களில் சிறு படகுக்கு ஒரு நாள் வரம்பு நூறு பவுண்டுக்கும் கீழே வைத்திருந்தார்கள். ஒரே இழுப்பில் முன்னூறு ஏறிவிட்டால் மீதியை என்ன செய்வது?

பெரியப்பா (8.45): என்ன செய்வார்கள்?

சேகர் (8.49): கடலில் எறிந்துவிட வேண்டும். 14 அங்குலத்துக்குக் குறைந்ததையும் எறிய வேண்டும். குட்டி மீன் தப்பட்டும் என்றுதான் வலைக்கண் ஐந்தரை அங்குலம் இருக்க வேண்டும் என்ற விதி. ஆனால் மடி நிரம்பி அழுத்தும்போது கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததா.

பெரியப்பா (8.50): எறிந்தது பிழைக்குமா?

சேகர் (8.52): வணிகப் படகிலிருந்து எறிவதில் 80 சதவீதம் சாகும் என்று வைத்துத்தான் விஞ்ஞானிகள் கணக்குப் போடுகிறார்கள். தூண்டிலில் பிடித்து விடுவதில் 10 சதவீதம். எறியும் மீனையும் மதிப்பிட்டுக் கழித்துவிட்டுத்தான் கோட்டா போடுகிறார்கள். அதாவது அந்த மீனை யாரும் தின்னவில்லை, ஆனால் எல்லோர் கணக்கிலும் எழுதியாயிற்று.

பெரியப்பா (8.57): இதை என்னால் ஏற்க முடியாது. ஆழத்திலிருந்து வந்த மீன், வலையில் நசுங்கி, செவுள் வெளிறி, தளத்தில் ஒரு தடவை வாலை அடிக்கும். அதை மண்வாரியால் அள்ளி மறுபடி கடலில் போடச் சொல்கிற சட்டத்தை எழுதியவர் ஒரு நாள் தளத்தில் நின்றிருக்க வேண்டும். பங்கு போடுவதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். இது பாவம்.

கார்த்தி (9.01): எறியாதே, எல்லாவற்றையும் இறக்கு என்றால் எல்லோரும் "தானாக ஏறிவிட்டது" என்று ஆயிரம் பவுண்டு கொண்டுவருவார்கள் அப்பா.

பெரியப்பா (9.02): வருவார்கள். நானே வந்திருப்பேன். அதனால் பாவம் இல்லை என்று ஆகிவிடுமா?

மீனா (9.05): தூண்டில்காரர்களுக்கு மட்டும் சலுகையா? என் வீட்டுக்காரர் ஒரு கோடை முழுக்கத் தூண்டில் போட்டு ஒரே ஒரு மீன் கொண்டுவந்தார், அதையும் பத்துப் படம் எடுத்தார்.

கார்த்தி (9.07): மொத்தப் பிடிப்பில் 55 சதவீதம் வணிகப் படகுகளுக்கு, 45 பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு. 2023இலிருந்து அப்படி. மாமாவின் ஒரு மீனும் அந்த 45இல் இருக்கிறது.

கமலா அத்தை (9.08): பெரியதா?

மீனா (9.08): படத்தில் பெரியது.

கார்த்தி (9.10): பெரியதாக இருந்தால் அநேகமாகப் பெண் மீன் அக்கா. இந்த இனத்தில் பெண்தான் பெரிதாக வளரும். மிகப் பெரியதை இங்கே கால்மிதி என்பார்கள். தூண்டில் சாதனை உங்கள் லாங் ஐலண்டின் மாண்டாக்கில்தான், 1975இல், 22 பவுண்டு 7 அவுன்ஸ்.

பெரியப்பா (9.12): பெரியது எல்லாம் பெண் என்றால், பெரியதாகப் பார்த்துப் பிடிக்கச் சொல்லும் அளவுச் சட்டம் யாரைக் கொல்கிறது? சும்மா கேட்டேன்.

கார்த்தி (9.13): சும்மா கேட்கவில்லை. விஞ்ஞானிகளும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சேகர் (10.42): இரண்டு மாநிலங்களும் ஒப்புக்கொண்டுவிட்டன! இறக்குகிறோம்.

கமலா அத்தை (10.43): முருகா. அந்தப் படகுக்காரர் ஏதாவது சாப்பிட்டாரா?

சேகர் (10.44): காப்பி மட்டும், மூன்று கோப்பை. இப்போதுதான் சிரித்தார்.

சேகர் (10.58): பெரியப்பாவுக்காக ஒரு காட்சி. பனிக்கட்டிக்குள்ளிருந்து வெள்ளைப் பக்கம் மேலே தெரிய அடுக்கடுக்காக வருகிறது. பெட்டியில் கொட்டியதும் இரண்டு பேர் கையாலேயே பிரிக்கிறார்கள். ஜம்போ, பெரியது, நடுத்தரம், சிறியது. அளவுகோல் பக்கத்தில் கிடக்கிறது, தொடுவதே இல்லை. ஒரே ஒரு மீனை மட்டும் சந்தேகப்பட்டு வைத்துப் பார்த்தார்கள், பதினான்கேகால்.

பெரியப்பா (11.01): மண் நிறப் பக்கத்தில் புள்ளி இருக்கிறதா?

சேகர் (11.02): இருக்கிறது. கண் போல வளையம் வளையமாக, வாலுக்குப் பக்கத்தில் ஐந்து தெளிவாகத் தெரிகிறது. படம் எடுக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும், மாலையில் அனுப்புகிறேன்.

கமலா அத்தை (11.03): ஞாயிற்றுக்கிழமை எடிசனுக்கு வருகிறாய் அல்லவா? இரண்டு வாங்கி வா. விலை கொடுத்து வாங்கு, சும்மா வாங்காதே.

சேகர் (11.04): ரசீதோடு வருகிறேன் அத்தை.

மீனா (11.05): எனக்கும் இரண்டு. அதாவது வர்ஜீனியாவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு மாற்றம். அரசிதழில் போட வேண்டாம்.

சேகர் (12.36): எடை போட்டு முடிந்தது. நாங்கள் சொல்லி அனுமதி வாங்கியது 11,240. தராசில் வந்தது 11,186.

பெரியப்பா (12.37): மீதி 54 பவுண்டு யாருக்கு?

சேகர் (12.38): இப்போதைக்கு வட கரோலினாவின் ஏட்டில் நிற்கிறது.

பெரியப்பா (12.40): நியூ ஹாம்ப்ஷயருக்குச் சொல்லிவிடாதே.