தாயக்கட்டை உருட்டி கிட்டார் ரிஃப் அமைக்கிறேன். ஏ மைனரில் எழுதினாலும் சி மேஜராகவே கேட்கிறது. என்ன தவறு?

கம்பியும் கட்டையும், லாசுப்பேட்டை, புதுச்சேரி

வணக்கம். மூன்று ஆண்டுகளாக எலக்ட்ரிக் கிட்டார் வாசித்து வருகிறேன். பிரான்சில் 1982-இல் தொடங்கி எங்கள் ஊரிலும் கொண்டாடப்படும் ஜூன் 21 இசை நாளில் எங்கள் நால்வர் குழு இந்த முறை சொந்தப் பாடல் ஒன்றை வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான தொடக்க ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு ஸ்வர வரிசையை, அமைக்கும் பொறுப்பு என்னுடையது. ஆனால் பிறருடைய பாடல்களையே வாசித்துப் பழகிய விரல்கள், புதிதாக ஒன்றைத் தேடி உட்கார்ந்தாலும், பழகிய இடத்திற்கே போய் நின்றுவிடுகின்றன. ஆகவே ஸ்வரங்களை நான் தேர்ந்தெடுக்காமல், தற்செயலாக விழும் வரிசையிலிருந்து ரிஃப் அமைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் 12 ஸ்வரங்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, மடித்து, ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி எடுத்தேன். கை, கம்பியை அழுத்தும் ஃப்ரெட் பலகையில் அங்குமிங்கும் தாவியதே தவிர, இசையாக எதுவும் வரவில்லை. பிறகு என் ஆயா வைத்திருக்கும் பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்துக்கொண்டேன். தாயம், 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு விழுகைகள் இருப்பதால், ஏ மைனர் ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களுக்கு அவை சரியாகப் பொருந்தின. தாயத்துக்கு ஏ, 2-க்கு பி, 3-க்கு சி, 4-க்கு டி, 5-க்கு இ, 6-க்கு எஃப், 12-க்கு ஜி என்று வைத்துக்கொண்டு, எட்டு முறை உருட்டி, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 90 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம் என்ற கணக்கில் வாசிக்கிறேன்.

நேற்று விழுந்தவற்றில் ஓரளவு நன்றாக இருந்த வரிசை 3, 2, 4, 3, 5, தாயம், 3, 4. அதாவது சி, பி, டி, சி, இ, ஏ, சி, டி. இதையும் சேர்த்து இதுவரை நாற்பது வரிசைகள் எழுதிவிட்டேன், ஒன்றுகூட நிற்கவில்லை. ஏ மைனர் என்று வைத்துக்கொண்டு எழுதினாலும் பெரும்பாலானவை சி மேஜரில் அமைந்த பயிற்சிப் பாடம் போலவே கேட்கின்றன. திரும்பத் திரும்ப வாசித்தாலும் ரிஃபுக்கு உரிய பிடிப்பு வருவதில்லை. தற்செயல் வரிசை என்றால் எல்லா ஸ்வரமும் சமமாக வரவேண்டும் அல்லவா? நான் எங்கே பிழை செய்கிறேன் என்பதை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

வீணை மாணவி, முத்தியால்பேட்டை

உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. தாயக்கட்டையில் எல்லா எண்ணும் சமமாக விழுவதில்லை. ஒரு கட்டையின் நான்கு முகங்களில் வெறுமை, ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று இருப்பதால், இரண்டு கட்டைகளும் ஒழுங்காக உருண்டால் மொத்தம் 16 விதமாக விழலாம். அவற்றில் 3 விழுவதற்கு நான்கு வழிகள் உண்டு. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று வழிகள். தாயத்துக்கும் 5-க்கும் இரண்டிரண்டு. 6-க்கும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் 12-க்கும் ஒவ்வொன்றே. விளையாட்டில் தாயத்துக்காக நாம் அவ்வளவு நேரம் காத்துக்கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இதை உங்கள் ஸ்வரங்களோடு பொருத்திப் பாருங்கள். 16-இல் 4 பங்கு சி-க்கும், அதன் இரு பக்கத்திலும் இருக்கும் பி-க்கும் டி-க்கும் 3 பங்கு வீதமும் போய்விட்டன. ஆதார ஸ்வரமாக இருக்க வேண்டிய ஏ-க்கு 2 பங்குதான் கிடைக்கிறது. எட்டு முறை உருட்டும்போது தாயமே விழாமல் போவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் உங்கள் வரிசைகளில் பலவற்றில் ஏ என்பதே இருந்திருக்காது.

ஏ மைனரும் சி மேஜரும் ஒரே ஏழு ஸ்வரங்களைக் கொண்டவை. கர்நாடக இசையில் 29-ஆவது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணத்தின் ஆறாம் ஸ்வரமான தைவதத்தை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டு அதே ஸ்வரங்களைப் பாடினால் 20-ஆவது மேளமான நடபைரவி கிடைக்கும். அதைத்தான் கிரகபேதம் என்கிறோம். உங்கள் கட்டைகள் அந்தக் கிரகபேதத்தை எதிர்த் திசையில், உங்களைக் கேட்காமலேயே செய்துவிடுகின்றன. காது ஸ்கேலின் பெயரைப் பார்ப்பதில்லை. எந்த ஸ்வரம் அடிக்கடி வருகிறது, எது அழுத்தமான இடத்தில் விழுகிறது என்பதை வைத்தே அது ஆதாரத்தை முடிவு செய்கிறது. நீங்கள் எழுதிய வரிசையில் சி மூன்று முறை வருகிறது, முதல் இடமும் அதற்கே. ஐந்தாம் இடத்தில் இருப்பது சி மேஜர் கார்டிலேயே (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டிலேயே) உள்ள இ. ஏ ஒரே ஒரு முறை, அதுவும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே, ஆறாம் இடத்தில் வந்து போகிறது.

பேஸ் கம்பி, மஞ்சக்குப்பம், கடலூர்

தம்பி, மேலே சொன்ன கணக்கு மிகச் சரி. அதற்காகத் தாயக்கட்டையை விட்டுவிட வேண்டாம். ஒரு ராகத்திலோ ஸ்கேலிலோ எல்லா ஸ்வரமும் ஒரே தகுதி உடையவை அல்ல. சில ஸ்வரங்களில் நின்று இளைப்பாறலாம், சிலவற்றைத் தொட்டுவிட்டு நகர வேண்டும். சமமாக விழும் ஆறுமுகப் பகடையைவிட, நடுவில் கனத்தும் ஓரங்களில் மெலிந்தும் விழுகிற தாயக்கட்டை இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். எந்த எண்ணுக்கு எந்த ஸ்வரம் என்பதை மட்டும் மாற்றி அமையுங்கள்.

ஏழு ஸ்வரங்களைக் குறைத்து ஏ மைனர் பென்டாடோனிக்கின் ஐந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இவை நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களே என்பதால் உங்கள் காதுக்கு அந்நியமாக இருக்காது. அதிகமாக விழும் 3-க்கு ஏ-யைக் கொடுங்கள். 2-க்கு ஜி, 4-க்கு இ, தாயத்துக்கு சி, 5-க்கு டி. அரிதாக விழும் 6-க்கு ஸ்கேலுக்கு வெளியே உள்ள இ ஃப்ளாட்டை வையுங்கள். 12 விழுந்தால் அந்த இடத்தில் எதையும் வாசிக்காமல் மௌனமாக விடுங்கள். இப்போது எட்டு உருட்டலில் ஆதார ஸ்வரம் வராமலே போவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

கை தாவிய பிரச்சினையையும் இதிலேயே தீர்த்துவிடலாம். 12 ஸ்வரங்களிலிருந்து சமவாய்ப்பாக இரண்டை எடுத்தால், ஒரே ஸ்தாயிக்குள்ளேயே அவற்றுக்கிடையே சராசரியாக ஏறத்தாழ 4 ஃப்ரெட் இடைவெளி இருக்கும். அந்தச் சீட்டுக் குலுக்கலில் இசை நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம். புதிய அமைப்பில் ஆறாம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட் ஜி, 5-ஆம் ஃப்ரெட் ஏ, அழுத்தாமல் விட்டால் இ. ஐந்தாம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட் சி, 5-ஆம் ஃப்ரெட் டி, 6-ஆம் ஃப்ரெட் இ ஃப்ளாட். ஆள்காட்டி விரலை 3-ஆம் ஃப்ரெட்டிலும், மோதிர விரலை 5-இலும், சுண்டு விரலை 6-இலும் வைத்தால் மணிக்கட்டை நகர்த்தாமலே எல்லாவற்றையும் எட்டிவிடலாம். என்ன விழுந்தாலும் வாசிக்க முடியும்.

நேற்று விழுந்த அதே எண்களை இந்த அமைப்பில் எழுதினால் ஏ, ஜி, இ, ஏ, டி, சி, ஏ, இ என்று வருகிறது. கட்டை சொன்னது ஒன்றே. இனி சி மேஜர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லயம் மட்டும், திருப்பாதிரிப்புலியூர்

ஸ்வரத்தைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். பிடிப்பு வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது லயத்தின் குறை. எட்டு இடங்களிலும் எட்டு ஸ்வரங்களை ஒரே நீளத்தில், ஒரே அழுத்தத்தில் அடுக்கினால் அது பட்டியலாகத்தான் கேட்கும். ஸ்வரத்தைக் கட்டை முடிவு செய்யட்டும். அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதை உருட்டுவதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் தற்செயலுக்கு விட்டுவிட்டால் கேட்பவர் பற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

எட்டை 3, 3, 2 என்று பிரித்து, கிட்டாரைத் தொடாமல், தொடையில் தட்டியபடி 'தகிட தகிட தக' என்று ஐந்து நிமிடம் சொல்லுங்கள். பிறகு மேலே உள்ள வரிசையை அதன்மேல் வையுங்கள்: ஏ ஜி இ, ஏ டி சி, ஏ இ. ஒவ்வொரு பிரிவின் முதல் எழுத்திலும் ஏ வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? உங்களுக்கு 3 விழுந்த இடங்கள் 1, 4, 7 என்பதால் இது அமைந்தது. அந்த மூன்றை மட்டும் பிக்கால் ஊன்றி அடித்து, மற்ற ஐந்தையும் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாலத்தருகே கம்பிமேல் வைத்து அடக்கி வாசியுங்கள்.

இன்னொன்று. ஒரு வரிசையை ஒரு முறை கேட்டு நன்றாக இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். குறைந்தது எட்டு முறை திரும்ப வாசித்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். தற்செயலாக விழுந்த வரிசையும் திரும்பத் திரும்ப வரும்போதுதான் காதில் உருவம் கொள்கிறது.

கம்பியும் கட்டையும், லாசுப்பேட்டை, புதுச்சேரி

மூவருக்கும் நன்றி. இரண்டு நாள்களாக இதே வேலையாக இருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தட்டிப் பழகிவிட்டு அந்த எட்டு ஸ்வரங்களை வாசித்தபோது, நான்காவது முறையிலேயே வேறுபாடு தெரிந்தது. ஐந்தாம் கம்பியில் அடங்கி ஒலித்த டி, சி இரண்டுக்கும் அடுத்து ஆறாம் கம்பியின் ஏ அடக்கப்படாமல் விழும்போது ஆம்பின் முன் வலை அதிர்ந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, என்னிடம் எதுவும் கேட்காமலே, விரலால் தரையில் அந்த மூன்று அழுத்தங்களையும் தட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வரிசைகளில் ஒன்றுக்குக்கூட அப்படி நடந்ததில்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். நேற்றிரவு உருட்டும்போது எண்ணிக்கை தவறி ஏழு முறைதான் உருட்டியிருக்கிறேன். விழுந்தவை 3, 12, 3, 2, 4, தாயம், 5. அதாவது ஏ, மௌனம், ஏ, ஜி, இ, சி, டி. இது முந்தையதைவிட எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் டிரம்மர் 4/4-இல் வாசிப்பதால், இரண்டாம் சுற்றிலேயே ரிஃப் அவரைவிட்டு விலகிப் போய்விடுகிறது. எட்டாவதாக ஒரு ஸ்வரம் சேர்த்துப் பார்த்தேன். அதன் அழகு போய்விட்டது. எப்படிப் பொருத்துவது?

லயம் மட்டும், திருப்பாதிரிப்புலியூர்

சேர்க்காதீர்கள், ஏழாகவே இருக்கட்டும். உங்களுக்குக் கிடைத்திருப்பது ஏழு எழுத்துள்ள மிஸ்ரம்: 'தகிட தகதிமி'. ஏ, மௌனம், ஏ என்பது தகிட; ஜி, இ, சி, டி என்பது தகதிமி. இரண்டாம் எழுத்தில் விழுந்த அந்த மௌனம்தான் இதற்கு மூச்சு கொடுக்கிறது.

டிரம்மர் ஒரு பாருக்கு, அதாவது நான்கு தட்டுள்ள ஒரு சுற்றுக்கு, எட்டு எழுத்து வாசிக்கிறார். ஒன்றும் செய்யாமல் விட்டால் உங்கள் ஏழு எட்டு முறை சுற்றி, அவருடைய ஏழாவது பார் முடியும் இடத்தில், 56 எழுத்துகளில்தான் இருவரும் சேர்வீர்கள். பாட்டின் தொடக்கத்தில் அவ்வளவு நேரம் காக்கவைப்பது கடினம். ஆகவே ஏழை நான்கு முறை வாசியுங்கள், 28 ஆயிற்று. அதன்பின் நான்கு எழுத்தில் ஒரு சிறு முடிப்பு வைத்தால் 32. சரியாக நான்கு பாரில் சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், வந்து இறங்கிவிடலாம். தாளத்துக்குப் பொருந்தி முடியும் கோர்வை கட்டும்போது நாங்கள் போடுகிற கணக்கும் இதே வகைதான். டிரம்மர் தன் 4/4-ஐ அசையாமல் பிடிக்க வேண்டும். உங்கள் ரிஃபின் பின்னால் அவர் ஓடிவந்தால் இந்த அழகு கேட்பவருக்கு எட்டாது.

பேஸ் கம்பி, மஞ்சக்குப்பம், கடலூர்

அந்த நான்கு எழுத்து முடிப்பை உருட்ட வேண்டாம் தம்பி. அது வீடு திரும்பும் வழி என்பதால் நீங்களே எழுத வேண்டும். நீங்கள் இங்கே எழுதிய இரண்டு வரிசைகளிலும் 6 விழவே இல்லை. அந்த இ ஃப்ளாட்டை இங்கே பயன்படுத்துங்கள்: டி, இ ஃப்ளாட், டி, சி. ஐந்தாம் கம்பியில் 5, 6, 5, 3. அடுத்த அடி ஆறாம் கம்பி 5-ஆம் ஃப்ரெட் ஏ. இ ஃப்ளாட் இரண்டு டி-க்களுக்கு நடுவே கடந்து செல்வதால் உறுத்தாது. அழுத்தமான இடத்தில் அதில் போய் நின்றால்தான் தவறாக வாசித்தது போலக் கேட்கும்.

வீணை மாணவி, முத்தியால்பேட்டை

ஒரு சொல் சேர்க்கிறேன். கட்டை உருட்டி வந்ததைச் சொந்த ரிஃப் என்று சொல்லலாமா என்ற தயக்கம் உங்கள் குழுவில் யாருக்காவது வந்தால், ஐரோப்பாவில் 1757-லேயே கிர்ன்பெர்கர் என்ற இசையமைப்பாளர் பகடை உருட்டி நடன இசை அமைக்கும் முறையை அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார் என்பதைச் சொல்லுங்கள். அதில் பகடை தேர்ந்தெடுத்த ஒவ்வொரு துண்டையும் முன்கூட்டியே எழுதியவர் அவர்தான். நீங்களும் எந்த எண்ணுக்கு எந்த ஸ்வரம் என்று வகுத்தீர்கள், நாற்பதைத் தள்ளினீர்கள், ஏழை எட்டாக்காமல் காத்தீர்கள். ஆனாலும் ஐந்து ஸ்வரங்களுக்குள் அமைந்த சிறு வரிசை என்பதால் வேறொரு பாடலின் சாயல் தற்செயலாக வந்துவிடக்கூடும். நிறையப் பாடல் கேட்கும் இரண்டு மூன்று பேரிடம் வாசித்துக் காட்டிவிட்டு மேடைக்குக் கொண்டு போங்கள்.

கம்பியும் கட்டையும், லாசுப்பேட்டை, புதுச்சேரி

நான்கு முறை ஏழும், முடிப்பு நான்கும் சேர்த்து இன்று மாலை டிரம்மரோடு வாசித்துவிட்டோம். முதல் மூன்று தடவை முடிப்பில் நான் அரை எழுத்து முந்திவிட்டேன். வாய்விட்டுத் 'தகிட தகதிமி' சொல்லிக்கொண்டே வாசித்த பிறகு சமத்தில் இருவரும் ஒன்றாக இறங்கினோம். வேகம் 90-இலேயே நன்றாக இருக்கிறது. 110-இல் அந்த மௌனம் காணாமல் போகிறது. இசையில் ஊறிய இருவரிடம் வாசித்துக் காட்டினேன். வேறு எந்தப் பாடலும் நினைவுக்கு வரவில்லை என்றார்கள். அடுத்து பாடலின் இரண்டாம் பகுதிக்கு உருட்ட வேண்டும். அதற்கு இ-யை ஆதாரமாக வைத்து 3-க்குக் கொடுக்கப் போகிறேன்.