மறு: [கலைச்சொல்] ஹேங், ஃப்ரீஸ், கிராஷ்: எல்லாவற்றுக்கும் ‘செயலிழப்பு’ போதுமா?

> “என் மடிக்கணினி அடிக்கடி செயலிழக்கிறது. எப்போது என்று சொல்ல முடியவில்லை. என்ன செய்யலாம்?”

மென்பொருளைத் தமிழாக்கும் நம் குழுவினருக்கு வணக்கம்.

புது உறுப்பினர் கேட்ட இந்தக் கேள்விக்கு வந்த பதில்களை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒருவர் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொன்னார். ஒருவர் தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொன்னார். ஒருவர் இயக்குதளத்தையே அழித்துப் புதிதாக நிறுவச் சொன்னார். உலாவியில் இத்தனை டேப் எதற்கு என்று ஒருவர் கடிந்தும் கொண்டார். நான்கும் நல்ல யோசனைதான், ஆனால் நான்கு வெவ்வேறு கோளாறுகளுக்கு. கேட்டவருக்கு என்ன கோளாறு என்பது ‘செயலிழக்கிறது’ என்ற சொல்லில் இல்லவே இல்லை. விசாரித்த பிறகுதான், திரையில் இருந்தது அப்படியே நிற்கிறது, சுட்டி நகரவில்லை, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது என்று தெரிந்தது.

நம் மொழிபெயர்ப்புக் கோப்புகளிலும் இதே கூத்துதான். செயலி மூடிக்கொண்டால் செயலிழப்பு, திரை நின்றால் செயலிழப்பு, இயந்திரமே அணைந்தால் அதுவும் செயலிழப்பு. ஆகவே சொல்லைப் பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இங்கே வந்த சில பரிந்துரைகளோடு முரண்படுகிறேன்.

ஃப்ரீஸுக்கு உறைதல், ஹேங்குக்குத் தொங்கல், கிராஷுக்கு நொறுங்கல் என்று அகராதியைப் பார்த்து ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஆங்கிலத்திலேயே இந்தச் சொற்களுக்குள் வேலி கிடையாது. ஒருவர் ஹேங் என்பதை அடுத்தவர் ஃப்ரீஸ் என்பார். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அதோடு, மடிக்கணினி பல நேரம் சூட்டால்தான் நிற்கிறது. ‘அதிக வெப்பத்தால் உறைந்துவிட்டது’ என்று ஒரு பிழைச்செய்தி வந்தால் நானே சிரித்துவிடுவேன்.

இன்னொருவர் சொன்ன ‘விறைப்பு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பேருந்து நிலையச் சுவர்களில் அந்தச் சொல் எந்த மருத்துவரின் விளம்பரத்தில் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு அந்த மணி நேரம் முழுவதும் பாடம் நடத்த முடியாது.

‘முடக்கம்’ செய்தித்தாள் வழக்கு, எல்லோருக்கும் புரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வங்கிக் கணக்கு முடக்கம், இணையதள முடக்கம், 2020-இல் பொது முடக்கம் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் முடக்குகிறார். ‘உங்கள் கணினி முடக்கப்பட்டது’ என்று திரையில் வந்தால் யாரோ உள்ளே புகுந்து பணம் கேட்கப் போகிறார் என்றுதான் படிப்பவர் பதறுவார்.

இங்கேதான் தமிழ் ஒரு வசதியை வைத்திருக்கிறது. முடக்கு என்பது பிறவினை. அதன் தன்வினை முடங்கு. அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து மாதிரி. தானாக நின்றதா, வேறொன்று நிறுத்தியதா என்பதை ஒரு மெய்யெழுத்தே சொல்லிவிடுகிறது. மடிக்கணினியைப் பழுது பார்க்கும்போது முதலில் தெரிய வேண்டியதும் இதே கேள்விக்கான விடைதான். ஆங்கிலச் சொற்களை விட்டுவிட்டு இந்த இணையை வைத்தே சொற்களை அமைப்போம் என்பது என் முன்மொழிவு.

முதலில் முடங்கல். திரை அப்படியே நிற்கிறது, எதற்கும் அசைவில்லை, கணினி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. யாரும் நிறுத்தவில்லை, தானே முடங்கியது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இன்டெலின் பே டிரெயில் வகைச் சில்லுகள். 2013-இல் வந்து, மலிவு விலை மடிக்கணினிகள் பலவற்றில் இடம்பெற்றவை. லினக்ஸ் இயக்குதளம் போட்டால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முடங்கின. சில்லு வேலையில்லாதபோது ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும், அங்கேதான் கோளாறு. லினக்ஸின் மையமான கெர்னலின் வழுக்களை, அதாவது மென்பொருள் பிழைகளை, முறையிடும் பதிவேட்டில் 2015 கடைசியில் திறந்த முறையீடு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாதே என்று துவக்க வரியில் ஒரு கட்டளை சேர்ப்பதுதான் பலருக்குக் கைகொடுத்த மருந்து. மின்கலம் சீக்கிரம் தீரும், ஆனால் முடங்காது. அந்த முறையீடுகளில் ‘செயலிழந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் இவையெல்லாம் ஒரே நோய் என்று எவருக்கும் பிடிபட்டிருக்காது.

இரண்டாவது நிறுத்தம். விண்டோஸின் நீலத்திரையை நாம் முறிவு, வீழ்ச்சி என்றெல்லாம் எழுதுகிறோம். உண்மையில் அங்கே எதுவும் விழவில்லை. மையத்தில் ஏதோ கெட்டுவிட்டது, இனியும் ஓடினால் தரவு பாழாகும் என்று கண்டு இயக்குதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டே அதற்கு நிறுத்தப் பிழை என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு கோளாறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றபோது நடந்ததும் இதுதான். ‘நீலத்திரை’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டவருக்கு ஒரு செய்தி: 2025-இல் விண்டோஸ் 11 அந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டது. நிறத்தை நம்பிச் சொல் ஆக்கினால் இதுதான் கதி.

மூன்றாவது முறிவு. ஒரு செயலி மட்டும் பட்டென்று மூடிக்கொள்கிறது, மற்றவை ஓடுகின்றன. இதிலும் தன்வினை, பிறவினை உண்டு. செயலியின் சொந்த வழுவால் போனால் முறிந்தது. நினைவகம் தீர்ந்துபோய் லினக்ஸ் கெர்னலே ஒரு செயலியைத் தேர்ந்து கொன்றால் அது முறிக்கப்பட்டது. பயனருக்கு இரண்டிலும் உலாவி காணாமல் போகிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டாவதற்காக உலாவி எழுதியவர்களிடம் வழு பதிந்து பயனில்லை.

அணைதலுக்கும் இப்படியே. மின்கலமோ சார்ஜரோ கைவிட்டால் அணைந்தது. சில்லு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும்; அதையும் மீறிச் சூடேறினால் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டிக்கும். அது அணைக்கப்பட்டது. பெயர்ச்சொல்லாக ‘அணைப்பு’ என்று மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம், வேறு அர்த்தமாகிவிடும்.

‘தொங்கல்’ முழுக்கத் தள்ளத் தக்கதல்ல. ‘வேலை தொங்கல்ல நிக்குது’ என்று நாமே சொல்கிறோம், ஆங்கிலத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. வட்டிலிருந்து வர வேண்டிய பதிலுக்காக ஒரு செயல் காத்தே கிடக்கும் நிலைக்கு அது அச்சாகப் பொருந்தும். லினக்ஸ் வழக்கமாக 120 நொடிக்கு மேல் அப்படிக் கிடப்பதைப் பதிவேட்டில் குறிக்கும். அந்த வரி கண்ணில் பட்டால் வட்டின் உடல்நிலையைப் பாருங்கள், படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

கடைசியாகத் திணறல். நின்று நின்று ஓடுவது. இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

----------

மறு: மறு: [கலைச்சொல்]

வணக்கம்.

தன்வினை, பிறவினை யோசனை நல்லாயிருக்கு. எங்கட பக்கம் சனம் ‘கொம்பியூட்டர் ஸ்டக் ஆகிட்டுது’ எண்டுதான் சொல்லும். முடங்கிப் போச்சு எண்டால் உடனே விளங்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு விசயம்.

ஒன்று, முடங்கல் என்றால் பழந்தமிழில் ஓலைக் கடிதம். சுருட்டி மடக்கிய ஓலை. தமிழ் படிப்பிக்கிற ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

இரண்டு, அணைதல். யாழ்ப்பாணத்தில் விளக்கு நூர்ந்து போகும், நாங்கள் விளக்கை நூர்த்துவோம். அதிலும் நீங்கள் கேட்கிற அதே இணை இருக்கு, ‘அணைப்பு’ மாதிரிச் சங்கடமும் இல்லை. தமிழ்நாட்டில் இந்தச் சொல் புழங்காது எண்டு எனக்கும் தெரியும். இருந்தாலும் கலைச்சொல் எண்டு வந்தால் எப்பவும் ஒரு கரைச் சொல்லே வெல்ல வேண்டும் என்று இல்லையே?

மற்றது, எங்கட பக்கம் ‘கணனி’ எண்டு எழுதிப் பழகியவர்களைத் திருத்த வேண்டாம் என்று போன விவாதத்திலேயே முடிவெடுத்தோம். யாரோ திரும்பத் திருத்தியிருக்கிறார்கள்.

நன்றி.

----------

மறு: மறு: மறு: [கலைச்சொல்]

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னை ரிச்சி தெருவுல சர்வீஸ் பாக்குறவன். குழுவுல எழுதறது குறைவு, படிக்கிறது உண்டு.

கடைக்கு வர்றவங்க எல்லாருமே ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க: ‘ஹேங் ஆவுது சார்.’ அதை வச்சு நாங்க எதையும் திறக்க மாட்டோம். முதல்ல கேப்ஸ் லாக்கை அழுத்தச் சொல்லுவோம். லைட் மாறி மாறி எரிஞ்சா உள்ள உயிர் இருக்கு, டிஸ்ப்ளே பக்கம்தான் ஏதோ மாட்டிக்கிச்சு. விண்டோஸ்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், விண்டோஸ் பட்டன், பி நாலையும் சேர்த்து அழுத்தினா கிராஃபிக்ஸ் டிரைவர் திரும்பக் கிளம்பும், சில சமயம் அதுலயே சரியாயிடும். லைட் மாறவே இல்லை, பாட்டு ஓடிக்கிட்டிருந்தா ஒரே துண்டு ‘டர்ர்ர்’னு திரும்பத் திரும்பக் கேக்குதுன்னா மொத்தமா போச்சு. நீங்க சொல்ற முடங்கல் அதுதான். லினக்ஸ்ல கேப்ஸ் லாக் லைட் தானா விட்டு விட்டு எரிஞ்சா கெர்னல் பேனிக், அதாவது கெர்னலே மேல ஓட முடியாம நின்னுடுச்சு. அது நிறுத்தத்துல சேரும்னு நினைக்கிறேன்.

இந்த லிஸ்ட்ல இல்லாத ஒண்ணு சொல்றேன். மவுஸ் ஹேங் ஆவுதுன்னு கொண்டு வருவாங்க. அம்பு தானா ஓடும், இல்லைன்னா கிளிக் ஆகாது. கவுத்துப் பார்த்தா அடிப்பக்கம் லேசா தூக்கியிருக்கும். பேட்டரி உப்பி டச்பேடைக் கீழ இருந்து அழுத்துது. சிஸ்டம்ல ஒரு குறையும் இருக்காது. பேரு என்ன வேணா வைங்க, ஆனா அந்த மாதிரி இருந்தா சார்ஜ் போடாதீங்க, குத்திப் பாக்காதீங்க, யார்கிட்டயாவது கொடுத்துக் கழட்டுங்க.

அந்தப் புது உறுப்பினர் தம்பிக்கு: ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் புரோகிராம் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரு பிழை வந்தாலும் ரேம் சரியில்லைன்னு வச்சுக்கலாம். ரெண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருங்க. விண்டோஸைத் திரும்பப் போடறதெல்லாம் அப்புறம்.

என்னைக் கேட்டா ‘படுத்துருச்சு’ன்னே வச்சிடலாம். ஊரே அப்படித்தானே சொல்லுது.

----------

மறு: மறு: மறு: மறு: [கலைச்சொல்]

அண்ணே, நீங்கள் கேட்கும் கேள்விகளையே அந்தந்தச் சொல்லுக்கான விளக்கமாகச் சேர்த்துவிடுகிறேன். ‘முடங்கல்: கேப்ஸ் லாக் விளக்கு மாறாது, ஒலி திரும்பத் திரும்பக் கேட்கலாம்’ என்று எழுதினால் இலக்கணம் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். கெர்னல் பேனிக் நிறுத்தத்தில்தான் சேரும். அதைப் ‘பீதி’ என்று எழுதியிருந்த பழைய வரியை எடுத்துவிடலாம். உப்பிய மின்கலம் கணினி நிற்பதில் சேராது, சாதனக் கோளாறுகளில் தனியாக ஓர் எச்சரிக்கையாகப் போடுவோம்.

‘படுத்துருச்சு’ பேச்சில் இருக்கட்டும். படு என்பதற்குப் பிறவினையாகப் ‘படுக்க வைத்தது’ என்று நீட்ட வேண்டியிருக்கிறது, பிழைச்செய்தியின் பெட்டிக்குள் அடங்காது. அதோடு அது எல்லாக் கோளாறையும் ஒரே பாயில் படுக்க வைத்துவிடுகிறது. மீண்டும் ‘செயலிழப்பு’க்கே போய்ச் சேருவோம்.

அக்கா, ஓலை முடங்கல் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பொருளில் இன்று யாரும் எழுதுவதில்லை. ‘கணினி முடங்கல்’ என்று படிப்பவர் ஓலையை நினைக்க வாய்ப்பு குறைவு. வினையாக எழுதும் இடமெல்லாம் ‘முடங்கியது’ என்றுதான் வரும், அங்கே குழப்பமே இல்லை. தமிழாசிரியர்கள் கேட்டால் நல்லதுதான், இரண்டு பொருளையும் சொல்லிக் கொடுக்கட்டும்.

நூர்தலில்தான் தயங்குகிறேன். சொல் அழகு, இணையும் கச்சிதம். ஆனால் பிழைச்செய்தி படிப்பவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பார், அவர் அகராதி தேடக் கூடாது. இலங்கை வட்டாரத்துக்குத் தனி மொழிபெயர்ப்புக் கோப்பு வைக்க வழியிருக்கிறது. அதில் ‘நூர்ந்தது’, ‘நூர்த்தப்பட்டது’ என்றே இருக்கட்டும். அந்தக் கோப்பை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா? ‘கணனி’யைத் திருத்தியவர் யார் என்று மாற்ற வரலாற்றில் தேடுகிறேன். எப்படியும் பழையபடி ஆக்கிவிடுவேன்.

ஒரு செய்தி மட்டும் இன்னும் தீரவில்லை. விண்டோஸில் ஒரு சாளரம் 5 நொடி வரை பதில் தராவிட்டால் இயக்குதளம் அதை வெளுக்கச் செய்து, தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று போடும். நம் செயலியிலும் அப்படி ஓர் அறிவிப்பு உண்டு. அது முடங்கல் அல்ல, சற்றுப் பொறுத்தால் திரும்பி வரக்கூடும். தொங்கல் என்றால் அந்த நம்பிக்கை தெரிகிறது, ஆனால் ‘செயலி தொங்குகிறது’ என்று அச்சில் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ‘செயலி காத்திருக்கிறது’ என்றால் எதற்காக என்று கேட்பார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் பரிந்துரை அனுப்புங்கள். மற்ற சொற்களை வெள்ளிக்கிழமை கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து