ஐ.நா. தன்னார்வலர் பணி: தேர்வான பிறகு இடம் ரத்து. காத்திருப்பதா, வேலைக்குத் திரும்புவதா?

மன்னைப் பெண் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருடமாக அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். எங்கள் செட்டில் வெளிநாடு என்றால் எல்லோருக்கும் வளைகுடா, இல்லாவிட்டால் இங்கிலாந்து. எனக்கு அந்தப் பக்கம் மனசு போகவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது லீவில் ஊரில் இருந்தேன். கரண்ட் இல்லாத பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். தகரம் கிழித்த காலோடு வருகிறவர்கள், தென்னை விழுந்து தோள் இறங்கியவர்கள், இன்சுலின் தீர்ந்துபோன பாட்டிகள். செல்போன் வெளிச்சத்தில் தையல் போட்டோம். நான் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அப்போது புரிந்தது.

அப்படித்தான் யுஎன்வி, அதாவது ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு வந்தேன். அவர்களின் இணையதளத்தில் விவரக்குறிப்பை ஏற்றி, நர்ஸ் இடம் வரும்போதெல்லாம் விண்ணப்பித்தேன். நிறைய விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில் தெற்கு சூடானில் மாபன் என்ற இடத்துக்கு நேர்காணல் வந்தது. சூடானிலிருந்து வந்த அகதிகளின் முகாம்கள் 2011-லிருந்து அங்கே இருக்கின்றன. தேர்வானேன்.

பிறகு மருத்துவப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.4. சரியாகும் வரை அனுமதி கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். நானே நர்ஸ், எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன்! இரும்புச்சத்து மாத்திரை, நெல்லிக்காய், மாத்திரை போட்டால் டீயைத் தள்ளிவைப்பது என்று ஒழுங்காக இருந்து 11.8-க்குக் கொண்டுவந்தேன். அனுமதி வந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு மஞ்சள் அட்டை வாங்கினேன். பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழும் வாங்கினேன். எங்கள் மருத்துவமனையில் நோட்டீஸ் காலம் நீளம். யுஎன்வி கேட்ட தேதிக்குச் சேர வேண்டுமென்றால் ராஜினாமா கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்தேன். வார்டில் எல்லோரும் காசு போட்டு ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கித் தந்தார்கள்.

அதற்குள் 2025 ஜனவரி. அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்த செய்தி வந்தது. நமக்கென்ன என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு மின்னஞ்சல். நிதி நிலைமை காரணமாக இந்தப் பணியிடம் ரத்து செய்யப்படுகிறது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அவ்வளவுதான்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். கடைத்தெருவுக்குப் போனால் "இன்னும் கிளம்பலையா?" என்கிறார்கள். அம்மா "உனக்கு எழுதி வைக்கலை, விடு" என்கிறார். சித்தி ஜாதகத்தை எடுத்துவிட்டார். பழைய மருத்துவமனையில் திரும்பக் கூப்பிடுகிறார்கள், ஆனால் சேர்ந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கும் தெம்பு போய்விடுமோ என்று பயம். இந்த நிலையில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தேர்வாகி ரத்தானது அடுத்த விண்ணப்பத்தைப் பாதிக்குமா? காத்திருக்கும் காலத்தை எப்படிக் கடத்தினீர்கள்?

---

பாலாற்றங்கரை:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. எனக்கு இந்தத் துறை தெரியாது, ஒன்று மட்டும் சொல்கிறேன். இப்படி ஏமாந்து நிற்கும் நேரம் பார்த்து போலி மடல்கள் வரும். என் அண்ணனுக்கு "ஐ.நா. நியமன ஆணை" என்று முத்திரையெல்லாம் போட்டு ஒன்று வந்தது, விசாவுக்கும் பயிற்சிக்கும் பணம் கட்டச் சொல்லி. ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் காசு கேட்காது. யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

---

ஈரோட்டான்:

சகோதரி, நீங்கள் போக இருந்த அதே அப்பர் நைல் மாநிலத்தில், மலக்காலில் நான் யுஎன்வி-யாக இருந்தேன். தண்ணீர், கழிவறை வேலை. அதற்கு முன்னால் எனக்கும் உங்களுக்கு நடந்ததுதான் நடந்தது.

2020 ஏப்ரலில் வேறொரு நாட்டுக்குக் கிளம்ப வேண்டியது. மார்ச் 22-இலிருந்து இந்தியாவுக்கு வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டார்கள். முதலில் தள்ளிவைப்பு என்றார்கள், அப்புறம் அந்த இடமே இல்லை என்றார்கள். கட்டிவைத்த பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. என் மனைவி அதைப் பிரிக்கட்டுமா என்று கேட்டதற்கே அவள்மேல் எரிந்து விழுந்தேன். அதனால் உங்கள் வீட்டில் இப்போது எப்படி இருக்கும் என்று தெரியும்.

முதலில், ரத்தானது நிராகரிப்பு இல்லை. உங்களைப் பார்த்துப் பேசி, இவர்தான் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு காசு இல்லாமல் போயிற்று. அந்த நேர்காணலில் பேசியவர்களுக்கு நாலு வரியில் ஒரு மடல் போடுங்கள். ரத்தானது புரிகிறது, இதே வேலை மறுபடி வந்தால் நான் தயார், மருத்துவ அனுமதி இந்தத் தேதியில் கிடைத்தது என்று. கெஞ்சல் வேண்டாம், புகாரும் வேண்டாம். அங்கே ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள், இன்னொரு முகாமுக்குப் போனவர் உங்கள் பெயரை எடுத்துக்கொண்டு போவார்.

மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். 2016-லிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும், பத்து வருடக் கணக்கு இப்போது இல்லை. போலீஸ் சான்றிதழை மட்டும் பிறகு புதிதாக எடுக்க வேண்டி வரும்.

வேலைக்குத் திரும்புங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொறியாளன் ஆறு மாதம் சும்மா இருந்தால் பெரிதாக யாரும் கேட்க மாட்டார்கள். நர்ஸ் கை நோயாளியை விட்டு விலகியிருந்தால் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அவசரப் பிரிவில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு ஷிஃப்டும் மாபனுக்கான தயாரிப்புதான். தெம்பு போய்விடுமோ என்கிறீர்கள். என் அனுபவத்தில் தெம்பைக் கரைப்பது வீட்டில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பதுதான்.

நான் அந்த நாட்களில் ஆன்லைன் தன்னார்வப் பணி எடுத்தேன். அதே யுஎன்வி தளத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போகாது, ஒரு பணி 12 வாரத்துக்குள் முடிந்துவிடும். சம்பளம் கிடையாது. ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய அமைப்புக்குப் பள்ளிக் கழிவறைகளின் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். சக்கர நாற்காலி நுழைகிற கதவு வேண்டும் என்று அவர்கள் கேட்க, கதவின் அகலம், சாய்தளத்தின் சரிவு, உள்ளே திரும்ப இடம் என்று திரும்பத் திரும்ப மாற்றினோம். என்னை யாரோ எங்கோ ஒரு வேலைக்கு நம்பியிருக்கிறார்கள் என்பதே அப்போது மருந்தாக இருந்தது. உங்களுக்குத் தாய்சேய் நலப் பயிற்சிப் பாடம் சரிபார்ப்பது மாதிரி ஏதாவது கிடைக்கலாம், தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அங்கே போன பிறகும் இதே காத்திருப்புதான். மலக்கால் முகாமுக்கு வெள்ளை நைல் ஆற்றுத் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, குளோரின் கலந்து கொடுத்தோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. ஒரு மழைக்காலத்தில் பம்பின் ஒரு பாகம் போய்விட்டது. புதியது தலைநகர் ஜூபாவில் கிடங்கில் இருக்கிறது, கொண்டுவர வழியில்லை. அந்த மண் நம்மூர்க் கரிசல் மாதிரி, நனைந்தால் வண்டி நின்ற இடத்திலேயே புதையும். குழாயடியில் மஞ்சள் கேன்கள் வரிசையாக வெயிலில் கிடக்கும், பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். குளோரின் வாடை பிடிக்காத சிலர் நேராக ஆற்றுக்குப் போய்விடுவார்கள், அது காலராவுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல.

என்னால் ஜூபா சாலையைக் காயவைக்க முடியாது. காலையில் குழாய் குழாயாகப் போய்ச் சோதனைக் குப்பியில் மாத்திரையைப் போட்டு, தண்ணீர் ரோஸ் நிறமாகிறதா, குளோரின் போதுமா என்று பார்க்க முடிந்தது. ஆற்றுக்குப் போகிற அம்மாக்களோடு உட்கார்ந்து, பிடித்த தண்ணீரை மூடி அரை மணி நேரம் வைத்தால் கிருமி சாகும், கொஞ்சம் நேரம் போனால் வாடையும் குறையும் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேச முடிந்தது. பாகம் வரும்வரை அதைச் செய்தோம். இப்போது நீங்கள் ஹீமோகுளோபினை ஏற்றியது, ரத்தான பிறகும் இங்கே வந்து அடுத்து என்ன என்று கேட்பது, இரண்டும் அந்த வேலைக்கு வேண்டிய குணம்தான்.

அதனால் அடுத்த நேர்காணலில் இந்த ரத்தை மறைக்காதீர்கள். எதிர்பாராத தடையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கட்டாயம் ஒரு கேள்வி வரும். நம்மவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். "குழுவாகச் செய்தோம்" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். நீங்கள் தனியாக என்ன முடிவெடுத்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்லுங்கள். கஜா முகாமையும் அப்படியே சொல்லுங்கள்: வரிசையில் முதலில் யாரைப் பார்ப்பது என்று யார் முடிவு செய்தது? அது நீங்கள் என்றால், அதை அவர்கள் கேட்க வேண்டும்.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். எழுதி வைக்கவில்லை என்று அவர் சொல்வது, நீங்கள் தெற்கு சூடானுக்குப் போகவில்லை என்ற நிம்மதியில்கூட இருக்கலாம்.

---

கீரனூர்க்காரி:

ஈரோட்டான் சார் எழுதியதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. நானும் நர்ஸ், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் போய்விட்டு வந்தவள். மன்னைப் பெண்ணே, ஒரே கதவில் நிற்காதே. ஐ.நா. நிறுவனங்கள் அரசாங்கங்களின் பணத்தை நம்பியிருப்பதால்தான் உனக்கு இந்த அடி. நான் போன அமைப்பு பெரும்பாலும் தனி மனிதர்களின் நன்கொடையில் ஓடுகிறது, அமெரிக்க அரசின் பணத்தை வாங்குவதில்லை. டெல்லியில் அலுவலகம் இருக்கிறது, இந்தியாவிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். முதல் பணி பெரும்பாலும் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம். உன் எட்டு வருட அவசரப் பிரிவு அனுபவம் அங்கே தங்கம்.

பிரெஞ்சு படி. காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, சாட், நைஜர் என்று வேலை நிறைய இருக்கும் இடங்களில் பிரெஞ்சு பேசும் நர்ஸுக்கு எப்போதும் தேவை. சென்னை நுங்கம்பாக்கத்திலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழிப் பயிற்சி மையம் இருக்கிறது. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டு அவர் சொல்வது புரிகிற அளவுக்கு வர, ஒழுங்காகப் படித்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இப்போது ஆரம்பித்தால் உலகத்தின் நிதி நிலைமை மாறுவதற்குள் நீ தயாராகிவிடுவாய்.

அப்புறம், பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்ற உயிர்காக்கும் அவசர சிகிச்சைப் பயிற்சிச் சான்று அட்டைகளின் தேதியைப் பார். இரண்டு வருடம்தான் செல்லும். என்னோடு பட்டியலில் இருந்த ஒரு பெண்ணுக்கு அது காலாவதியானதால் வந்த இடம் கைநழுவியது.

வீட்டில் அழுகை வந்தால் அழு. நான் போவதற்கு முன்னால் நேர்காணலில் தோற்று, விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். மறுநாள் காலை ஷிஃப்ட் இருந்தது, போனேன்.

---

மன்னைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டான் சார், அந்தக் குழாயடிப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொம்பளைங்க அவ்வளவு நாளும் என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். இந்த விஷயத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கஜா முகாமில் வரிசையை முடிவு செய்தது பெரும்பாலும் நான்தான், டாக்டர் ஒருவர்தான் இருந்தார். அதை நேர்காணலில் நான் சொல்லவே இல்லை.

மருத்துவமனைக்குப் பேசிவிட்டேன், ஒன்றாம் தேதி சேருகிறேன். என் ஏசிஎல்எஸ் அட்டை இந்த ஆகஸ்டில் முடிகிறது, அக்கா சொல்லித்தான் எடுத்துப் பார்த்தேன். இரண்டு சந்தேகம். அது முடிவதற்கு முன்பே புதுப்பித்தால் குறுகிய வகுப்பு போதுமா? பிரெஞ்சு வகுப்பு ஆன்லைனில் படித்தால் செல்லுமா, நேரில்தான் போக வேண்டுமா? ஷிஃப்ட் வைத்துக்கொண்டு புதுச்சேரி போய்வர முடியாது.

---

கீரனூர்க்காரி:

அட்டை செல்லும்போதே போனால் புதுப்பிப்பு வகுப்பில் முடித்துவிடலாம். காலாவதியாகிவிட்டால் முழு வகுப்பில் உட்காரச் சொல்வார்கள், அதனால் ஜூலையிலேயே இடம் பிடித்துவிடு. பிரெஞ்சு எப்படிப் படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை, பேசிப் பார்ப்பார்கள். ஆன்லைன் வகுப்பே போதும், நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற நாட்களில் மட்டும் வகுப்பு வைக்காதே. உன் விவரக்குறிப்பை எனக்குத் தனி மடலில் அனுப்பு, அந்தக் கஜா பகுதியை எங்கே வைப்பது என்று பார்க்கலாம்.