பள்ளத்துத் தண்ணீர் யார் பொறுப்பு? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம், மலையடிவாரம். ஊருக்கும் காப்புக்காட்டுக்கும் எல்லையாக ஒரு பள்ளம் (சிற்றோடை) ஓடுகிறது. மேலே தென்னை நார்த்தூள் கழுவும் ஆலை வந்த பிறகு, தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வருகிறது. இரண்டு கிணறுகளிலும் அதே நிறம். மான்கள் இறங்கிக் குடிப்பதும் இதைத்தான். பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

மனுவோடு மூன்று அலுவலகம் ஏறி இறங்கிவிட்டோம். ஒவ்வொரு இடத்திலும் "இது எங்களுடையது இல்லை" என்றே பதில்.

நான் படித்துத் தெரிந்துகொண்ட வரை, கழிவுநீர் வெளியேற்ற 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். காப்புக்காட்டுக்குள் நடப்பது வனத்துறையின் பொறுப்பு. எல்லையில் ஓடும் பள்ளம் என்றால் முதலில் யாரிடம் போவது?

அப்புறம், நாங்களே பாட்டிலில் பிடித்துச் சோதித்த தண்ணீர் வழக்கில் சான்றாக நிற்காதாம். வாரிய அதிகாரி முறைப்படி மாதிரி எடுக்க வேண்டுமாம். அவரை நேரில் வரவைத்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? ஆலையின் இசைவு ஆணை நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியவர்கள் மனு மாதிரி இருந்தால் அனுப்புங்கள்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் தயார். ஆனால் பிரச்சினை தொடங்கிய 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். எங்களுக்கு நான்கு மாதம் ஓடிவிட்டது. வக்கீல் இல்லாமல் நேரடியாக வாதாடியவர்கள் இருந்தால் தயவுசெய்து பேசுங்கள்.