370 கிலோமீட்டர், முக்கால் மணி நேரமா?

போன மாதம் ஒரு சிறிய விமான நிலையத்திலிருந்து இன்னொரு சிறிய நிலையத்துக்குப் போனேன். கிளம்புமுன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூரம் 370 கிலோமீட்டர். ஏடிஆர் 72 என்ற புரொப்பல்லர் விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் 44 நிமிடம். டிக்கெட்டிலோ 1 மணி 10 நிமிடம் என்று இருந்தது. சும்மா கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அழைத்துப்போக வருகிறவரை முன்னதாகவே வரச் சொல்லிவிட்டேன்.

ஜன்னல் ஓரத்தில் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்தேன். 10.05க்கு நகர்ந்தது. அங்கே ஓடுபாதைக்கு இணையாக டாக்ஸிவே, அதாவது விமானம் ஊர்ந்து போகத் தனி வழி, கிடையாது. ஓடுபாதையிலேயே மறுகோடி வரை ஊர்ந்து போய், வட்டமடித்துத் திரும்பி நிற்க வேண்டும். சக்கரம் தரையை விட்டபோது 10.14. அதுவும் எதிர்த்திசையில்! காற்றை எதிர்த்துத்தான் ஏறுவார்கள் என்பதால், போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக் கிளம்பி, அப்புறம் வளைந்து திரும்பியது. மேலே சீராகப் பறந்தது இருபது நிமிடம் இருக்கலாம். மீதியெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான். அப்போது 500க்கு எங்கே போவது? 11.02க்குத் தரை தொட்டு, மறுபடி ஊர்ந்து, 11.10க்கு நின்றது. ஆகாயத்தில் 48 நிமிடம், மொத்தம் 65. டிக்கெட்டில் போடுவது இந்த மொத்தத்தைத்தான். பிளாக் டைம் என்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு 5 நிமிடம் முன்னதாகவே வந்திருக்கிறது, பாவம்! அழைக்க வந்தவர் என்னை முறைத்தது தனிக் கதை.

இன்னொரு அசட்டுத்தனமும் உண்டு. விமானி 200 மைல் என்று அறிவித்ததும், 1.6ஆல் பெருக்கி 320 கிலோமீட்டர்தான் என்று மகிழ்ந்தேன். அவர் சொன்னது கடல் மைல். ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர்.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. ஆகாயத்தில் மட்டும் 57 நிமிடம்.

பதில்:
எனக்கு ஜெட்டில் இதே ஏமாற்றம். ஏறக்குறைய இதே தூரம்தான். மணிக்கு 800க்கு மேல் பறக்கும், பாதி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்தேன். 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) வேகத்தைத் தாண்டக் கூடாது என்று பல நாடுகளில் விதி. உயரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். புரொப்பல்லர் விமானத்தைவிட 7 நிமிடம் மிச்சம். அதையும், இருக்கும் ஒரே ஓடுபாதையில் வேறு விமானம் நின்றதால், மேலே சுற்றியே தொலைத்தோம்.

பதில்:
இணையத்தில் வரும் தூரம் பூமி உருண்டைமேல் நூல் பிடித்து அளந்தது. விமானம் அப்படிப் போகாது. நான் போனபோது இடிமேகத்தைச் சுற்றிக்கொண்டு போனதை இருக்கைத் திரையில் பார்த்தேன். கோடு வில்லாக வளைந்திருந்தது.

முதலில் எழுதியவன்:
சரி, இப்போதெல்லாம் 500ஆல் வகுத்து, 25 நிமிடம் கூட்டிக்கொள்கிறேன். விடை டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வீட்டிலோ, அதற்கு டிக்கெட்டையே பார்த்துவிடலாமே என்கிறார்கள்.